குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு: எடை மேசை அருகே கேட்கப்படும் கேள்விகள்

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போன குழந்தைகள் மறுபரிசோதனைக்கு வரும் அறையில் நான் செவிலியர். எடை போடுவது, நாடா வைத்துத் தலைச் சுற்றளவை அளப்பது, அடுத்த தேதியை அட்டையில் எழுதுவது என் வேலை. டாக்டர் முன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கேட்க வேண்டியதை எடை மேசைக்கு வந்துதான் கேட்பார்கள்: "சிஸ்டர், ஒரு சின்னச் சந்தேகம்." அந்தச் சந்தேகங்கள்தான் இவை.

கணக்குக்கு எளிதாக இருக்க ஒரு குழந்தையை நினைத்துக்கொள்வோம். ஜனவரி 10-ல், 30 வாரத்தில் பிறந்தாள். எடை 1,350 கிராம். வயிற்றிலேயே இருந்திருந்தால் மார்ச் 21-ல் 40 வாரம் முடிந்திருக்கும். பிப்ரவரி கடைசியில் 1,800 கிராமோடு வீட்டுக்கு வருகிறாள். பெயர் வைக்கும்வரை பாப்பா என்றே அழைப்போம்.

குழந்தைக்கு இரண்டு வயதுக் கணக்கு உண்டு என்கிறார்களே, அது என்ன?

ஒன்று, பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. மற்றொன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது. இதைத் திருத்திய வயது என்போம். ஜூலை 10-ல் பாப்பாவுக்கு ஆறு மாதம் நிறைகிறது. திருத்திய வயதோ மூன்றரை மாதத்தைச் சற்றே தாண்டியிருக்கும். ஜனவரியில் பிறந்த எதிர்வீட்டு முழுமாதக் குழந்தை குப்புற விழுந்து புரண்டுகொண்டிருக்கும்போது பாப்பா தலையை நிமிர்த்தவே பழகிக்கொண்டிருப்பாள். அவளுடைய வயதுக்கு அதுதான் சரி.

எடை, நீளம், தலைச் சுற்றளவு, புரள்வது, உட்காருவது, முதல் சோறு எல்லாம் திருத்திய வயதுக்கு. தடுப்பூசியும் முதல் கண் பரிசோதனையும் பிறந்த தேதிக்கு. இரண்டு தேதிகளையும் அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்காது.

"ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது" என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

இல்லை. வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் வரவுதான். எட்டு மாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஏழு மாதத்தில் பிறந்ததைவிட வாய்ப்பு அதிகம். இந்தப் பேச்சைக் கேட்டு அழுதுகொண்டே வந்த தாய்மார்களை நான் எண்ணி மாளாது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

பிறந்த வாரமும் எடையும், செய்த ஸ்கேன்களும், ரத்தப் பரிசோதனைகளும், கொடுத்த மருந்துகளும் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் மூன்று தேதிகள் இல்லையென்றால் கிளம்பாதீர்கள்: கண், காது, அடுத்த எடை. "இரண்டு வாரம் கழித்து" என்று எழுதியிருந்தால் காலண்டரைப் பார்த்துத் தேதியாக்கிக் கேளுங்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் "இரண்டு வாரம்" என்பது எந்தக் கிழமையிலும் விழாது.

வெளிச்சத்தைப் பார்க்கிறாள், கண் நன்றாகத்தான் இருக்கிறது. கண் பரிசோதனைக்கு அவசியம் போக வேண்டுமா?

போக வேண்டும். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கருவின் நான்காவது மாதத்தில் நடுவிலிருந்து முளைக்கத் தொடங்கி, ஓரம் வரை பரவி முடியக் கர்ப்பத்தின் ஏறக்குறைய 40-வது வாரம் ஆகிவிடும். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. மிச்சம் வெளியுலகில், ஆக்சிஜன் ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே வளர வேண்டும். பலருக்கு அது தானாகவே சரியாக முடிந்துவிடும். சிலருக்குக் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, சுருங்கி, விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடும். இதைக் குறைமாத விழித்திரை நோய் என்பார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோர் வாயிலும் 'ஆர்ஓபி'.

வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது என்பதுதான் இதில் கொடுமை. கண் சிவக்காது, நீர் வடியாது, குழந்தை அழாது. விளக்கைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்யும்.

நம் நாட்டு விதி எளிது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறந்த எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, பிறந்த 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இன்னும் முன்னதாக, இரண்டு மூன்று வாரத்திலேயே. 34 வாரம் கடந்து பிறந்தாலும் ஆக்சிஜன், நோய்த்தொற்று என்று அவதிப்பட்டிருந்தால் டாக்டர் சொன்னபடி. பாப்பாவுக்குக் கெடு பிப்ரவரி 9. அப்போது அவள் வார்டில்தான் இருப்பாள், அங்கேயே பார்த்துவிடுவார்கள். கதை அதோடு முடியாது. ரத்தக் குழாய்கள் ஓரம் வரை வளர்ந்துவிட்டன என்று கண் மருத்துவர் சொல்லும்வரை, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். குடும்பங்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது, மூன்றாவது பரிசோதனையைத்தான்.

ஒரு தாய் நான்காவது மாதத்தில் வந்தார். கையில் கைபேசி, அதில் குழந்தையின் படம், ஒரு கண்மணி மட்டும் பூனைக்கண் போல வெள்ளையாக மின்னியது. சம்மரியின் மூன்றாம் பக்கத்தில் "கண் பரிசோதனை, இரண்டு வாரத்தில்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வாரம் குழந்தைக்குச் சளி, அடுத்த வாரம் வீட்டில் ஒரு துக்கம், பிறகு மறந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்தும் யாரும் போன் செய்து கேட்கவில்லை. அன்றிலிருந்து கண் தேதியை மட்டும் சிவப்பு மையில், தமிழில், முதல் பக்கத்தில் எழுதுகிறேன்.

பரிசோதனை பார்க்கக் கஷ்டமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கண்மணி விரிய அரை மணி, ஒரு மணி நேரம் சொட்டு மருந்து விடுவார்கள். இமையைத் திறந்து வைக்கச் சின்னக் கம்பி ஒன்றை மாட்டுவார்கள். குழந்தை வீறிட்டு அழும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், இல்லாவிட்டால் வாந்தி எடுத்துப் புரையேறும். சிகிச்சை தேவை என்றால் லேசர் அல்லது கண்ணுக்குள் ஊசி. இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தாக வேண்டும். "ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறோம்" என்பதற்கு இதில் நேரமில்லை, பெரியவர்களிடம் போனில் கேளுங்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் இதற்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து எங்கே அனுப்புவார்கள் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் வராமல் தப்பியவர்களுக்கும் மாறுகண்ணும் கிட்டப்பார்வையும் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் வருகின்றன. ஒரு வயதில் ஒருமுறை, பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காதுக்கு?

ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்குக் காதில் சின்னக் குமிழ் வைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது. செவி நரம்பு மூளை வரை ஒலியைக் கொண்டுபோகிறதா என்று காட்டும் 'பெரா' சோதனை வேண்டும். குழந்தை தூங்கும்போதுதான் அது முடியும். ஆகவே வரும் வழியில் பஸ்ஸில் தூங்கவைத்துவிடாதீர்கள், இங்கே வந்து கொட்டக் கொட்ட விழித்திருக்கும்.

கைதட்டினால் திரும்புகிறான் என்பது சோதனை ஆகாது. காற்றசைவுக்கும் நிழலுக்கும்கூடக் குழந்தை திரும்பும். கேட்கும் கருவியால் பயனில்லாத அளவுக்குக் குறை இருந்தால், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உட்காதில் அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்த வழி இருக்கிறது. பேச்சு வருவது எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நேராக மார்பில் குடிக்கச் சோர்ந்துபோகிறாள். பாட்டில் வாங்கலாமா?

வேண்டாம், பாலாடை இருக்கிறதே, பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். உலகெங்கும் பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் 'பாலாடை' என்ற சொல்லே அப்படியே ஏறியிருக்கிறது. நம் அடுப்பங்கரைச் சாமான் ஒன்றுக்குக் கிடைத்த மரியாதை அது.

முதலில் மார்பில் விடுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். பசித்தால் அழட்டும் என்று இருக்க முடியாது, இவர்கள் பசித்தாலும் தூங்குவார்கள். களைத்துவிட்டால் மீதியைப் பிழிந்து பாலாடையில் கொடுங்கள். குழந்தையைப் பாதி நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கால் குழந்தையின் உதட்டு ஓரத்தைத் தொட்டு, துளித் துளியாகச் சாய்க்க வேண்டும். விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த துளி. அழும்போதும் தூங்கும்போதும் ஊற்றவே கூடாது.

பாலாடை எவர்சில்வரில், திறந்த வாயோடு இருக்கட்டும். குழாய் போன்ற குறுகிய மூக்கு வைத்த சங்கு வேண்டாம், உள்ளே விரலும் நுழையாது, பிரஷும் நுழையாது. தாய்மாமன் சீராக வந்த பூ வேலைப்பாடு செய்த வெள்ளிச் சங்கை ஒருமுறை பஞ்சால் துடைத்துக் காட்டினேன். கோட்டு வேலைப்பாடுகளுக்குள்ளிருந்து மஞ்சளாகப் பழைய பால் வந்தது. அந்தப் பாட்டி மறுபேச்சில்லாமல் சங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கழுவி, தண்ணீரில் மூழ்கக் கொதிக்க வையுங்கள். பிழிந்த பால் வெளியே நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு நாள். சித்திரை வெயிலில் பிழிந்தவுடன் ஃபிரிட்ஜுக்கே போய்விடட்டும்.

போதுமான அளவு குடிக்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு முறை சிறுநீர். எடை தினமும் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 150-லிருந்து 200 கிராம். போன வாரம் ஸ்வெட்டரோடு இங்கே, இந்த வாரம் வெறும் உடம்போடு மருந்துக் கடையில் என்று எடை போட்டுவிட்டுக் கலங்காதீர்கள். ஒரே இயந்திரம், துணி இல்லாமல், ஒரே நேரம். ஏறவில்லை என்றால் பசும்பாலுக்குத் தாவாதீர்கள். தாய்ப்பாலில் கலக்கும் சத்துப்பொடி தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார்.

இரண்டு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். எதற்கு?

இரும்புச் சத்தைக் குழந்தை கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து சேமிக்கிறது. அந்தச் சேமிப்பு இல்லாமல் பாப்பா வந்துவிட்டாள், ஆகவே பெரும்பாலும் ஒரு வயது வரை இரும்புச் சொட்டு. மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். மற்றொன்று எலும்புக்கான விட்டமின் டி.

ஒரு எச்சரிக்கை: விட்டமின் டி சொட்டு ஒரு மில்லிக்கு 400 யூனிட், 800 யூனிட் என வெவ்வேறு வலிமையில் விற்கிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். காலி பாட்டிலையே எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள். எடை ஏற ஏற இரும்பின் அளவும் மாறும், ஆறு மாதம் முன் எழுதிய சீட்டை வைத்து ஓட்டக்கூடாது.

கங்காரு பராமரிப்பு வீட்டிலும் தொடர வேண்டுமா?

2.5 கிலோ ஆகும்வரை, அல்லது குழந்தையே போதும் என்று நெளிந்து இறங்கும்வரை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய வழி இது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கும் நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை என்று பரிந்துரைத்தது. எட்டு மணி நேரம் தாய் ஒருத்தியால் எப்படி முடியும்? அப்பா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, நாப்கினும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை நெஞ்சோடு தவளை மாதிரி ஒட்டவைத்து, பழைய பருத்திச் சேலையால் சுற்றுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும், மூக்கு உங்கள் கண்ணில் படட்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

குளிப்பாட்டுவது, எண்ணெய், சாம்பிராணி, உரைமருந்து?

2.5 கிலோ வரை வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைப்பது போதும். தேங்காய் எண்ணெய் மெல்லத் தடவலாம், நல்லதுதான். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதிவிடுவது, தலையை உருட்டிப் பிடித்து வடிவம் கொடுப்பது எல்லாம் வேண்டாம். பக்கவாட்டில் படுத்துப் படுத்து நீண்ட தலை வளர வளர உருண்டுவிடும். சாம்பிராணிப் புகையும் கொசுவத்திச் சுருளும் பழுத்து முடியாத நுரையீரலுக்கு ஆகாது, கொசுவலை கட்டுங்கள்.

உரைமருந்து, சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். உரைகல்லில் இருக்கும் கிருமி ஒன்று, ஜாதிக்காயின் மயக்கம் மற்றொன்று. பாட்டிகளோடு நான் சண்டை போடுவதில்லை. "கல்லில் உரைத்து உங்கள் நாக்கில் வையுங்கள், குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும்" என்பேன்.

உடல் சூடு: பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் சரி. பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே நெஞ்சோடு அணையுங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

தூளியில் போடலாமா?

சேலைத் தூளியில் முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் இடிக்கும். கழுத்து நிற்காத குறைமாதக் குழந்தைக்கு மூச்சுப்பாதை அங்கேதான் மடங்கும். சமமான, கெட்டியான படுக்கையில், மல்லாந்து, தலையணை இல்லாமல். ஊரே தூளியில் வளர்ந்தது உண்மைதான், அந்த ஊர் 30 வாரத்தில் பிறக்கவில்லை.

தடுப்பூசியைத் திருத்திய வயதுக்குத் தள்ளிப்போடலாமா?

கூடாது. ஆறு வாரம், பத்து வாரம், பதினான்கு வாரம் எல்லாம் பிறந்த தேதியிலிருந்துதான், அதுவும் முழு அளவில். பாப்பாவுக்கு ஆறு வாரம் நிறைவது பிப்ரவரி 21, பிறந்திருக்க வேண்டிய நாளுக்கு நான்கு வாரம் முன்பு. கிராமச் சுகாதாரச் செவிலியர் "இவ்வளவு சின்னக் குழந்தைக்கா?" என்று தயங்கினால் சம்மரியைக் காட்டுங்கள். இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தபோது போட்ட முதல் மஞ்சள் காமாலை ஊசியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில் அதற்கான மூன்று தவணை வந்துவிடும். வீட்டுப் பெரியவர்களும் ஃபுளூ ஊசி போட்டுக்கொண்டால் பாப்பாவுக்கு அது வேலி.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. பயமாக இருக்கிறது.

ஐந்து, பத்து விநாடி நின்று, பிறகு வேகமாக நாலு மூச்சு இழுப்பது இவர்களுக்கு வழக்கம். 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடல் துவண்டாலோ பாதத்தைச் சுண்டி எழுப்பிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

இவற்றுக்கும் காத்திருக்கக்கூடாது: அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சுக்கூடு உள்ளே குழிவது, பால் மறுப்பது, எழுப்பினாலும் எழாத அசதி, வெட்டி வெட்டி இழுப்பது, வயிறு உப்புவது, பச்சை நிற வாந்தி, உள்ளங்கை பாதம் வரை மஞ்சள். காய்ச்சல் இல்லையே என்று ஏமாறாதீர்கள், இந்தக் குழந்தைகளுக்கு நோய்த்தொற்றில் உடம்பு சில்லிட்டும் போகும்.

அழும்போது அடிவயிற்றின் ஓரத்தில் புடைத்து, பிறகு உள்ளே போகும் வீக்கம் குடலிறக்கம். குறைமாத ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அது கெட்டியாகி உள்ளே போகாமல் நின்றால் அன்றே, அப்போதே அறுவை மருத்துவரிடம்.

சொந்தக்காரர்கள் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள்.

வாசலில் சோப்பு வையுங்கள். சளி உள்ளவர் உள்ளே வேண்டாம். முத்தம் வேண்டாம். பெயர் சூட்டும் விழாவை மூன்று மாதம் தள்ளினால் பெயர் ஓடிவிடாது. பழியை ஆஸ்பத்திரி மேல் போடுங்கள்: "சிஸ்டர் திட்டுவார்கள்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஐந்து மாதத்திலேயே காலை ஊன்றி விறைப்பாக நிற்கிறான்! நல்லதுதானே?

பெருமையோடு சொல்லும்போது மறுக்க மனம் வராது, ஆனாலும் உடனே காட்டுங்கள். நுனிக்காலில் விறைத்து நிற்பதும், கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போவதும் தசை இறுக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். அதே போல, திருத்திய வயதில் மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, முஷ்டியை விரிக்காதது, நான்கு மாதமாகியும் கழுத்து நிற்காதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டுவது.

இவற்றுக்குப் பயிற்சி தரும் இடம் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் வருவது, கட்டணம் இல்லை. பலகையில் தமிழ்ப் பெயர் இருந்தாலும் விசாரணைக் கூடத்தில் 'டிஇஐசி' என்று கேட்டால்தான் சட்டென்று வழி காட்டுவார்கள். பயிற்சியை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, மூளை வளைந்து கொடுக்கும் காலம் இது. சக்கரம் வைத்த வாக்கர் வண்டியில் உட்காரவைப்பது பயிற்சி ஆகாது. நம் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. அது நிற்கத் தெரிந்த பிள்ளை தள்ளிக்கொண்டு போவது.

சோறு எப்போது?

திருத்திய வயது ஆறு மாதத்தில். பாப்பாவுக்குச் செப்டம்பர் 21. முன்பே கொடுத்தால் எடை ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். டெல்லி அரசு மருத்துவமனைகளில் நான்கு மாதத்தில் தொடங்கியவர்களையும் ஆறு மாதத்தில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஆய்வு 2017-ல் வெளியானது. வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை, நான்கு மாதத்தில் தொடங்கியவர்கள்தான் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் காரணமில்லாமல் அழுகை வருகிறது.

காரணம் இருக்கிறது. நாற்பத்தைந்து நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றிருக்கிறீர்கள். வீட்டில் மானிட்டர் சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லை என்று சொன்ன தாய் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால், எங்களிடம் சொல்லுங்கள், அல்லது 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம். கணவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை ஃபைலையும் தேதிகளையும் நீங்கள் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

எவ்வளவு காலம் வந்துகொண்டிருக்க வேண்டும்?

எடை சீராக ஏறும்வரை வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு திருத்திய வயதில் 3, 6, 9, 12, 18, 24 மாதங்கள். இரண்டு வயதில் திருத்திய வயதுக் கணக்கை விட்டுவிடலாம்; பள்ளிக்குப் போகும் முன் பேச்சு, பார்வை, கவனம் மூன்றையும் ஒருமுறை பார்ப்போம்.

கடைசியாக ஒன்று சிஸ்டர். ஜாதகம் எந்தத் தேதிக்கு எழுதுவது?

ஜனவரி 10-க்குத்தான். பிறந்தநாள் கேக்கும் அன்றுதான். நட்சத்திரத்துக்குத் திருத்திய வயது கிடையாது என்று ஒரு தாத்தாவிடம் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பி, சிவப்பு மையில் இருந்த தேதியைக் காட்டி, "அப்படியென்றால் இது என்ன நாள்?" என்றார். கண் பரிசோதனை, வரும் வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள் என்றேன்.